ஃப்ளாரன்ஸுக்கு ஒரு காலை கொடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,



உங்கள் பயணத் திட்டங்களை விரும்பி வாசிக்கிறவன் நான். சென்னை நிறுவனமோ கோவை நிறுவனமோ, தாளின் தரமும் படங்களின் பளபளப்பும்தான் மாறுகின்றன. இத்தாலி வரும் பக்கத்தில் ஃப்ளாரன்ஸுக்கு ஒதுக்கிய இடம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். காலைச் சிற்றுண்டி முடித்துக் கிளம்பினால் ஃப்ளாரன்ஸில் நகர நடை, பிற்பகல் பைசாவில் சாய்ந்த கோபுரம், இரவு இந்திய உணவு. அந்த ‘நகர நடை’யைப் பற்றித்தான் இந்த மடல்.

அதில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காசு கட்டப்போகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பழைய நகருக்குள் கோச் வராது. இறங்கி நடக்க வேண்டும். பேராலயத்தை வெளியிலிருந்து பார்த்து, புருனெல்லெஸ்கியின் செங்கல் குவிமாடத்தை அண்ணாந்து ஒரு படம். எதிரே ஞானஸ்நான ஆலயத்தின் தங்கக் கதவு முன்னால் ஒரு படம். கால்ஸாயுவோலி தெரு வழியாகச் சிஞ்ஞோரியா சதுக்கம், அங்கே டேவிட் சிலையோடு ஒரு படம். பொந்தே வெக்கியோ பாலம். பிறகு ஒரு தோல் பொருள் கடை. கடைசியில் ஆற்றுக்கு அக்கரையில் மேட்டின் மேலுள்ள மைக்கேலாஞ்சலோ திடலில் ஊர் முழுவதும் பின்னால் தெரிய ஒரு குழுப் படம்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தங்கக் கதவு நகல். கிபெர்ட்டி செய்த அசல், பேராலயத்தின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. சதுக்கத்து டேவிட்டும் நகல்தான், 1910-ல் வைத்தது. அசலை 1873-லேயே அகாதெமியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மேட்டுத் திடலில் நிற்கும் வெண்கல டேவிட் இன்னொரு நகல். ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த மனிதர் நகல்களோடு படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். அவரிடம் யாரும் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. விசா நேர்காணலிலிருந்து மூட்டுவலிக்காரருக்குக் கீழ்த்தள அறை வாங்கித் தருவது வரை, வெங்காயம் பூண்டு சேர்க்காதவருக்குத் தனி வடிசல் வரை சுமக்கிறீர்கள். கோச் ஓட்டுநரின் வேலை நேரத்துக்குச் சட்டம் வேறு கறாராக நிற்கிறது. நாற்பது பேரை நகர்த்துவது லேசான காரியமா? ஆகையால் நாள் கணக்கில் கேட்கவில்லை. ஒரு காலை கேட்கிறேன். எட்டரை மணியிலிருந்து பன்னிரண்டு வரை. மூன்று தேவாலயங்கள். பன்னிரண்டு பதினைந்து பேருக்கு ஒருவராக, உரிமம் பெற்ற உள்ளூர் கைடு.

ஏன் தேவாலயம்? அருங்காட்சியகத்தில் இருப்பது எங்கிருந்தோ எடுத்து வந்து மாட்டியது. சுவரில் ஈரச் சாந்தின் மேல் தீட்டிய ஓவியம் அந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அதை நகல் வைத்துவிட்டு உள்ளே பூட்டிவைப்பது லேசில்லை. யார் பணம் கொடுத்தார், யாருடைய கல்லறை பக்கத்தில் இருக்கிறது, எந்த ஜன்னலின் வெளிச்சத்தை நம்பி ஓவியர் நிழல் போட்டார் என்பதெல்லாம் அங்கேயே, நின்ற இடத்தில் பார்க்கக் கிடைக்கும். உஃபிஸி அருங்காட்சியகத்தைக்கூட விட்டுவிடலாம் என்பது என் கட்சி. சண்டைக்கு வருவார்கள், வரட்டும். நாற்பது பேர் குழு இரண்டு மணி நேரத்தில் உஃபிஸியில் பார்ப்பது முன்னால் போகிறவரின் முதுகைத்தான்.

கைடு விஷயத்துக்கு வருகிறேன். இத்தாலியில் நினைவுச் சின்னங்களை விளக்கிச் சொல்வது உரிமம் உள்ளவருக்கு மட்டுமே உரிய வேலை. 2023 டிசம்பரில் வந்த 190-ஆம் எண் சட்டம் இதற்கு நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு, ஒரே பட்டியல் என்று ஆக்கியது. உரிமமில்லாமல் செய்தால் அபராதம் ஆயிரக்கணக்கான யூரோவில். உங்கள் டூர் மேனேஜர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் தேவாலயத்துக்குள் நின்று பாடம் நடத்தக் கூடாது. அதனால்தான் பல மேனேஜர்கள் வெளியே நின்றபடி, “உள்ள ரொம்ப நல்லா இருக்கும், நேரமில்ல” என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. கைடுக்கான காசைத் திட்டத்தில் சேர்க்காதவர் மேல்தான்.

அந்தக் காசு எவ்வளவு? கைடு கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று வராது, குழுவுக்கு இவ்வளவு என்று வரும். அரை நாளுக்குச் சில நூறு யூரோ. பதினைந்து பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு மதியச் சாப்பாட்டின் விலை. பல லட்சம் கட்டிய பயணத்தில் இது கையைக் கடிக்காது.

இனி அந்தக் காலையை எப்படி நடத்துவது என்று சொல்கிறேன். நல்ல கைடு இதைவிட நன்றாக அமைப்பார். ஆனால் நம் ஆட்களுக்கு என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு போங்கள். தோமையாரின் விரலை.

உங்கள் குழு பேராலயத்திலிருந்து சதுக்கத்துக்குப் போகும் கால்ஸாயுவோலி தெருவில் ஒர்சான்மிக்கேலே என்று ஒரு கட்டடம் இருக்கிறது. தேவாலயம் மாதிரியே தெரியாது. சதுரமாக, உயரமாக, கிட்டங்கிபோல இருக்கும். உண்மையிலேயே தானியச் சந்தையாக இருந்த இடம்தான். மேல்மாடியில் கொட்டிய தானியம் கீழே இறங்க, தூணுக்குள் விட்டிருந்த துவாரம் இன்னும் இருக்கிறது. நகரத்தின் தொழிற்குழுக்கள் ஒவ்வொன்றும் இதன் வெளிச்சுவர் மாடத்தில் தன் பாதுகாவல் புனிதருக்குச் சிலை வைத்தன. தெருப்பக்கம் நடு மாடத்தில் இரண்டு வெண்கல உருவங்கள். உயிர்த்தெழுந்த இயேசு அங்கியை விலக்கி விலாக் காயத்தைக் காட்டுகிறார். அவர் உயிர்த்தெழுந்ததை நம்பாத ஓர் இளைஞர், தொட்டுப் பார்க்க விரலை நீட்டுகிறார். அந்த இளைஞர்தான் தோமையார். பரங்கிமலையில் உயிர்விட்டதாகவும் சாந்தோமில் அடக்கமானதாகவும் மரபு சொல்லும் அதே தோமையார்.

நான் போன குழுவும் ஐஸ்கிரீம் கோனைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் கீழேதான் நடந்து போனது. குழுவில் பாதிப் பேர் சென்னைக்காரர்கள். பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஆயிரம் தடவை இறங்கியவர்கள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கச் சொல்ல ஆளில்லை.

பிறகு இன்னொரு பயணத்தில் ஒரு கைடு அம்மாவை அமர்த்திக்கொண்டு நாங்கள் சிலர் அதே இடத்தில் நின்றோம். அவர் முதலில் ஆண்டு சொல்லவில்லை, செய்தவர் பெயர் சொல்லவில்லை. “காலைப் பாருங்கள்” என்றார். தோமையாரின் ஒரு பாதம் மாடத்தின் விளிம்பைத் தாண்டித் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. காரணம் எளியது. மாடம் ஒரே ஒரு சிலைக்காகக் கட்டியது. முன்பு அங்கே தொனாதெல்லோ செய்த வேறொரு புனிதர் தனியாக நின்றிருந்தார். மாடம் கைமாறியபோது வெரொக்கியோவுக்குக் கிடைத்த வேலை, ஒருவருக்கான இடத்தில் இரண்டு பேரை நிறுத்துவது. அவர் இயேசுவை உள்ளே வைத்தார். தோமையாரைப் பாதி வெளியே, நாம் நிற்கும் தெருவின் பக்கம் வைத்தார். சந்தேகப்படுகிறவன் நம்மில் ஒருவனாகிவிட்டான். விரல் காயத்தைத் தொடவில்லை, தொடப் போகிறது. 1467-ல் ஒப்பந்தமான வேலை 1483-ல்தான் மாடம் ஏறியது. முதுகுப்புறம் வார்க்கவே இல்லை, உருவங்கள் பின்னால் கூடாக இருக்கின்றன. சுவர்ப் பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள், வெண்கலம் என்ன சும்மாவா வருகிறது?

மாடத்தில் இருப்பது நகல், அசல் அதே கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கிறது என்பதையும் அந்த அம்மா தானாகவே சொன்னார். நல்ல கைடுக்கு இது முதல் அடையாளம். சிலையை வைத்தவர்கள் யார் தெரியுமா? வணிகர்களின் வழக்குகளைத் தீர்த்த நீதிமன்றம். சாட்சியைக் கண்ணால் காணாமல் தீர்ப்புச் சொல்வதில்லை என்று அறிவிக்க அவர்களுக்குத் தோமையாரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை. நம் ஊரில் அவர் சந்தேகம் தீர்ந்து வேதம் சொல்ல வந்தவர். அங்கே அவர் நீதிபதி. குழுவில் வக்கீல் ஒருவர் இருந்தால் இந்த இடத்தைவிட்டு நகர மாட்டார். எங்கள் குழுவில் இருந்தார், நகரவில்லை.

உள்ளே போனால் ஒர்கான்யா 1359-ல் முடித்த பளிங்கு மண்டபம், மாதா படத்தைத் தாங்கியபடி. அதன் பின்பக்கம் போகாமல் வந்துவிடக் கூடாது. விண்ணகம் செல்லும் மாதா கீழே நிற்கும் தோமையாருக்குத் தன் இடைக்கச்சையைத் தரும் காட்சியைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். மறுபடியும் அவருக்குத்தான் அத்தாட்சி வேண்டியிருந்தது! அந்தக் கச்சை எங்களிடம் இருக்கிறது என்று பக்கத்து ஊரான ப்ராத்தோவின் பேராலயம் இன்றும் ஆண்டில் சில நாள்கள் மக்களுக்கு எடுத்துக் காட்டுகிறது.

அங்கிருந்து மெல்ல நடந்தாலும் பத்து நிமிடத்தில் சாந்தா த்ரினிதா. கட்டணம் இல்லாத தேவாலயம். ஆனால் பையில் சில்லறை வேண்டும். உள்ளே இருட்டு. பீடத்துக்கு வலப்புறம் சஸ்ஸெத்தி குடும்பத்தின் சிற்றாலயம். பக்கத்தில் ஒரு பெட்டி. நாணயம் போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். எங்கள் கைடு உடனே காசு போடவில்லை. இருட்டிலேயே உட்கார வைத்து யார் இந்தச் சஸ்ஸெத்தி என்று சொன்னார். மெதிச்சி வங்கியின் தலைமை மேலாளர். தன் பெயருக்குரிய புனிதரான அசிசி பிரான்சிஸின் வாழ்க்கையை முதலில் சாந்தா மரியா நொவெல்லாவில் வரைய விரும்பினார். அது தொமினிக்கன் துறவிகளின் இடம். எங்கள் ஆலயத்தில் உங்கள் பிரான்சிஸா என்று அவர்கள் இடம் கொடுக்கவில்லை. அதனால் இங்கே வந்தார். ஓவியர் கிர்லாந்தாயோவை அமர்த்தினார். 1485-ல் வேலை முடிந்தது. இவ்வளவும் சொல்லிவிட்டுத்தான் நாணயம் விழுந்தது.

விளக்கு வந்ததும் எல்லோரும் மேலே பார்த்தோம். கைடு நடுவில் உள்ள ஒரு படத்தைக் காட்டி, “இந்தத் தெரு எது, கண்டுபிடியுங்கள்” என்றார். ஒரு சிறுவன் பாடையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். பின்னால் ஒரு மாளிகை, அதன் ஜன்னலிலிருந்து அதே சிறுவன் விழுந்துகொண்டிருக்கிறான். அந்தப் பக்கம் ஒரு தேவாலயம், ஒரு பாலம். சற்று முன்பு நாங்கள் நடந்து வந்த சதுக்கம்தான் அது. மாளிகை, தேவாலய வாசலுக்கு எதிரே இருக்கும் ஸ்பினி மாளிகை. தேவாலயம் நாங்கள் உட்கார்ந்திருக்கும் இதே தேவாலயம், பழைய முகப்போடு. அற்புதம் நடந்ததாகக் கதை சொல்லும் ஊர் ரோம். பணம் கொடுத்தவர் அதைத் தன் ஊர்த் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஓவியம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவருடைய மூத்த மகன் இறந்திருந்தான். அடுத்துப் பிறந்த மகனுக்கு அதே பெயரை வைத்தார்கள். அதனால்தான் இந்தக் கதை நடுவில் வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கைடு இதைச் சொன்னபோது விளக்கு அணைந்தது. குழுவில் இருந்த ஒரு பாட்டி, பேரனிடம் கையை நீட்டி, “இன்னொரு காசு போடுடா” என்றார்.

வலப்பக்கச் சுவரில் இன்னொரு படம், பிரான்சிஸின் இறுதிச் சடங்கு. மூக்குக் கண்ணாடி போட்ட ஆயர் மந்திரம் வாசிக்கிறார். கண்ணாடி 1480-களிலேயே இப்படி ஓவியத்தில் ஏறிவிட்டது. ஆனால் நாம் பார்க்க வந்தது அவரை இல்லை. உடலின் பக்கத்தில் ஒருவன் குனிந்து புனிதரின் விலாவைச் சோதித்துக்கொண்டிருக்கிறான். பிரான்சிஸின் உடலில் இயேசுவின் ஐந்து காயங்களும் தோன்றின என்பது நம்பிக்கை. அதை ஜெரோம் என்ற பிரபு நம்பவில்லை, கையை விட்டுப் பார்த்தான். மறுபடியும் அந்த விரல்!

இந்தச் சஸ்ஸெத்திக் குடும்பத்துக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. நூறு ஆண்டு கழித்து அதே குடும்பத்தில் வந்த ஃபிலிப்போ சஸ்ஸெத்தி மிளகு வாங்கும் வேலையாகக் கொச்சிக்கு வந்தார். கொச்சியிலும் கோவாவிலும் வாழ்ந்து 1588-ல் கோவாவில் இறந்தார். சமஸ்கிருதத்துக்கும் இத்தாலியத்துக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றி ஊருக்குக் கடிதம் எழுதியவர், அந்த ஒற்றுமையைப் பிறகு உலகறியச் சொன்ன வில்லியம் ஜோன்ஸுக்கு இருநூறு ஆண்டு முன்பே. இதை நம் குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று ஃப்ளாரன்ஸ் கைடுக்குத் தோன்றாது. நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் சொல்வார்.

வெளியே வந்து பக்கத்திலிருக்கும் சாந்தா த்ரினிதா பாலத்தைக் காட்டச் சொல்லுங்கள். 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்த பாலம். ஆற்றிலிருந்து கற்களைப் பொறுக்கி எடுத்து 1958-ல் மறுபடி கட்டினார்கள். பாலத்து முனையில் நிற்கும் வசந்தகாலச் சிலையின் தலை மட்டும் கிடைக்காமல் 1961-ல்தான் ஆற்றில் அகப்பட்டது. இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

மூன்றாவது சாந்தா க்ரோச்சே. போகிற வழியில் சான் ரெமிஜியோ தெரு முனையில் ஒரு சுவரைக் காட்டுவார்கள். 1333 நவம்பர் 4-ஆம் தேதி வந்த வெள்ளத்துக்கு ஒரு குறி, அதற்கு மேலே 1966 நவம்பர் 4-ஆம் தேதி வந்த வெள்ளத்துக்கு ஒரு குறி. சென்னைக்காரர்கள் இருந்தால் கைடு இங்கே கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டியிருக்கும். 2015 டிசம்பரில் தங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அவரவர் இடுப்பிலும் மார்பிலும் கைவைத்துக் காட்டத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் உள்ளே போய், சிமபூவேயின் பெரிய சிலுவையைப் பார்த்தால் விளக்கமே வேண்டாம். 1966 வெள்ளம் அதன் வண்ணத்தில் பாதிக்கு மேல் உரித்துக்கொண்டு போனது. போனதைப் புதிதாக வரைந்து மறைக்காமல், இழப்பு தெரியும்படியே மாட்டியிருக்கிறார்கள்.

கல்லறைகளை அதிகம் விவரிக்க விடாதீர்கள். மைக்கேலாஞ்சலோ, கலிலேயோ, மக்கியவெல்லி என்று பெயர்ப் பட்டியல் நீளும். தாந்தேயின் கல்லறையில் தாந்தே இல்லை, அவர் இருப்பது ராவென்னாவில். வலப்பக்கப் பீடங்களைத் தாண்டி நேராக பார்தி சிற்றாலயத்துக்குப் போகச் சொல்லுங்கள். 1320-களில் ஜொத்தோ வரைந்த பிரான்சிஸ் கதை. பார்திகள் யார்? இங்கிலாந்து அரசன் மூன்றாம் எட்வர்டுக்கே கடன் கொடுத்து, அது திரும்பாமல் 1340-களில் நொடித்துப்போன வங்கிக்காரர்கள். காசைக் கையால் தொடமாட்டேன் என்ற துறவியின் வாழ்க்கையை வட்டிக்கடைக்காரர்கள் காசு கொடுத்து வரைய வைத்தார்கள். இதைக் கேட்டுச் சிரித்த ஒரு காரைக்குடி நண்பர், பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இடச் சுவரின் கீழ் வரிசையில் பிரான்சிஸ் இறந்து கிடக்கிறார். துறவிகள் கைகளையும் பாதங்களையும் முத்தமிடுகிறார்கள். நமக்கு முதுகு காட்டி, சிவப்பு உடையில் மண்டியிட்ட ஒருவன் விலாவுக்குள் கையை விடுகிறான். சாந்தா த்ரினிதாவில் பார்த்த காட்சிக்கு மூலம் இதுதான். நூற்றறுபது ஆண்டுகள் முந்தியது. அங்கே கிர்லாந்தாயோ பெரிய கட்டடமும் கண்ணாடி போட்ட ஆயரும் வைத்துக் கூட்டம் சேர்த்தார். இங்கே துக்கம் மட்டும் இருக்கிறது, அதன் நடுவில் நம்பாத ஒரு கை.

பிறகு அந்தச் சுவரிலுள்ள வெற்றிடத்தைக் காட்டுவார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அதன் மேல் கல்லறைச் சின்னங்களையும் பொருத்தினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பைச் சுரண்டியபோது ஜொத்தோ வெளியே வந்தார், சின்னம் இருந்த இடம் மட்டும் அதே வடிவில் போய்விட்டது. அன்றைய சீரமைப்பாளர் அங்கே தன் கைவரிசையைக் காட்டி வரைந்து நிரப்பினார். 1950-களின் கடைசியில் அதையும் எடுத்துவிட்டு வெறும் சாந்தாக விட்டார்கள். பக்கத்து பெருஸ்ஸி சிற்றாலயத்தில் அதே ஜொத்தோ உலர்ந்த சாந்தின் மேல் வரைந்தார். அது மங்கிப் புகைபோல இருக்கிறது. ஒரே கை, ஒரே ஆலயம், சாந்து ஈரமா உலர்ந்ததா என்பதில் இவ்வளவு வித்தியாசம். கோயில் திருப்பணியில் பழைய சுவரோவியத்தின் மேல் வெள்ளையடித்ததைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் நம்மில் நிறைய. அவர்களுக்கு இந்தச் சுவர் உடனே புரியும். கைடே எதிர்பார்க்காத கேள்விகளை அவர்கள் கேட்பார்கள்.

உங்களிடமிருந்து வரும் மறுப்பு எனக்குத் தெரியும். “சார், இந்துக்கள் பாதிப் பேர். சர்ச் சர்ச்சா கூட்டிட்டுப் போனா முகம் சுளிப்பாங்க.” சுளித்ததுண்டு, நானும் பார்த்திருக்கிறேன். நான்காவது ஊரில் ஐந்தாவது தேவாலயத்தில், ஒன்றும் சொல்லாமல் “உள்ள போய்ப் பாத்துட்டு பத்து நிமிஷத்துல வந்துடுங்க” என்று விட்டால் யார்தான் சுளிக்க மாட்டார்கள்? நீதிமன்றத்தின் சிலை, வங்கி மேலாளரின் இறந்த மகன், சந்தேகப்பட்டவனின் விரல் என்று சொன்னால் எந்த மதத்துக்காரரும் உட்கார்ந்து கேட்பார். வாசலில் ஒரு அம்மா செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார். அங்கே செருப்பைக் கழற்றுவதில்லை என்றதும் அவருக்கு மனசே வரவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குத் தேவாலயத்தில் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதி புடவைக்கும் வேட்டிக்கும் பிரச்சினையே இல்லை. அரைக்கால் சட்டைப் பிள்ளைகளுக்கு மட்டும் முந்தின இரவே சொல்லிவையுங்கள்.

இன்னொரு மறுப்பு, வயதானவர்களால் நடக்க முடியாது என்பது. தேவாலயங்களில் இருக்கைகள் உண்டு. அருங்காட்சியகங்களிலும் சதுக்கங்களிலும்தான் நின்று சாக வேண்டும். ஜூலை வெயிலில் அந்தக் கல் சுவர்களுக்குள் இருக்கும் குளிர்ச்சிக்கு ஈடில்லை. கழிப்பறைக்கு, வழியில் ஏதாவது ஒரு காபிக்கடையில் காபி வாங்கிக் குடித்தால் போதும்.

மொழி உண்மையான சிக்கல். கைடு ஆங்கிலத்தில் பேசுவார். குழுவில் பலருக்கு இத்தாலிய உச்சரிப்பில் வரும் ஆங்கிலம் பிடிபடாது. இங்கேதான் உங்கள் டூர் மேனேஜர் வேண்டும். கைடு நாலு வாக்கியம் பேசி நிறுத்த, அவர் தமிழில் சொல்லட்டும். அதற்கு நேரம் இரட்டிப்பாகும் என்பதால்தான் மூன்று ஆலயத்துக்கு மேல் கேட்கவில்லை. ஒலிபெருக்கியை நம்பாதீர்கள், பழைய நகருக்குள் கைடுகள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024-ல் ஃப்ளாரன்ஸ் மாநகராட்சி முடிவெடுத்துவிட்டது. காதில் மாட்டும் சிறு கருவி போதும், அதையும் தேவாலயத்துக்குள் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதே மேல்.

எல்லாக் கைடும் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ‘வரிசையில் நிற்காமல் நுழைவு’ என்பதை மட்டும் விற்பவர்கள் இருக்கிறார்கள். மெதிச்சிகள் யாரைக் கொன்றார்கள், யாருக்கு யார் வைப்பு என்பதையே மூன்று மணி நேரம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அமர்த்துவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள்: எங்களுக்கு மூன்றரை மணி நேரம்தான், எதை விடுவீர்கள்? எல்லாவற்றையும் காட்டிவிடலாம் என்று பதில் வந்தால் அடுத்தவரைப் பாருங்கள்.

மற்றபடி நேரக் கணக்கு. ஞாயிறு வேண்டாம், திருப்பலி நடக்கும்போது யாரும் விளக்கம் சொல்ல விடமாட்டார்கள், நியாயமும் அதுதான். சாந்தா த்ரினிதா மதியம் சாத்திவிடும் ஆலயம், அதனால் பிற்பகலுக்குத் தள்ளாதீர்கள். நாற்பது பேரை மூன்றாகப் பிரித்து அரை மணி இடைவெளியில் அனுப்புங்கள். கடைசிக் குழு காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் தாராளமாக ஐஸ்கிரீம் சாப்பிடலாம், நான் அதற்கு எதிரி இல்லை.

எங்கே நேரம் பிடிப்பது என்று கேட்பீர்கள். என்னை முதலில் அழைத்துப் போன நிறுவனம், பெயர் வேண்டாம், எங்களைத் தோல் பொருள் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தது. ஜாக்கெட்டைத் தீயில் காட்டி அசல் தோல் என்று நிரூபித்தார்கள். அந்தக் கடை சாந்தா க்ரோச்சேயின் பக்கத்துத் தெருவில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜொத்தோ இருப்பதை ஒருவரும் சொல்லவில்லை. அந்த முக்கால் மணியை முதலில் எடுங்கள். கமிஷன் போகும் என்றால் அதைக் கட்டணத்தில் வெளிப்படையாகச் சேர்த்துவிடுங்கள், கொடுத்துவிடுகிறோம். அது போதாவிட்டால் பைசாவை விருப்பப் பயணமாக மாற்றுங்கள். சாய்ந்த கோபுரத்தைத் தாங்கிப்பிடிப்பதுபோல் படம் எடுக்க வேண்டும் என்பவர்கள் போகட்டும், மற்றவர்கள் ஃப்ளாரன்ஸிலேயே இருக்கட்டும்.

கைடுக்கு அனுப்ப நம் ஆட்களைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: பரங்கிமலை, சாந்தோம், கொச்சி சஸ்ஸெத்தி, வெள்ளையடித்த கோயில் சுவர் என்று அவர்கள் எதை அறிந்தவர்கள், எங்கே நின்று பேசினால் காதுகொடுப்பார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. அடுத்த கோடைக்கான திட்டத்தை நீங்கள் அச்சுக்கு அனுப்புவதற்கு முன் யார் கேட்டாலும் தருகிறேன், காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய பயணி ஒருவன்